'ஸ்டார் டிரெக்' படங்களுள் சிறந்தது யாது?

ஒரு கதையைப் பலர் ஒருங்கே விரும்பியவிடத்து, அதனைப்பற்றி அவர்கள் தம்முள் வாதிடாதிருத்தல் அரிது. அவ்விருப்பம் ஆண்டுகள் பலவாக வளர்ந்து, கதையும் ஒன்றோடு நில்லாது பத்துப் பன்னிரண்டாகக் கிளைத்துவிடுமாயின், வாதத்திற்கு எல்லையே இல்லை. அமெரிக்க நாட்டிற் பிறந்த 'ஸ்டார் டிரெக்' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர் இதற்குத் தக்க உதாரணமாகும். அதனைச் சார்ந்து 1979 முதல் 2016 வரை திரையரங்குகளில் வெளிவந்த படங்கள் 13. அவற்றுள் தலைசிறந்தது எது, கடைப்பட்டது எது என்பது குறித்து அபிமானிகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓயாது வழக்காடி வருகின்றனர். இவ்வழக்கு வீண் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அங்ஙனம் எண்ணவில்லை. அபிமானிகளின் தீர்ப்பு படமெடுப்போர் செவியிலும் விழுகின்றது. விழுந்தபின், அவர்கள் அடுத்தெடுக்கும் படத்தை அது மாற்றியும் விடுகின்றது. இத்தொடரில் அம்மாற்றம் நன்மை பயந்ததா, தீமை பயந்ததா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

அறியாதார் பொருட்டு வரலாற்றைச் சிறிது கூறுவோம். ஜீன் ராடன்பெரி என்பவர் கற்பித்த இத்தொடர், 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் அமெரிக்க டெலிவிஷனில் தொடங்கிற்று. இருபத்துமூன்றாம் நூற்றாண்டில் 'என்டர்பிரைஸ்' என்னும் விண்கப்பல் புதிய உலகங்களை நாடிச் செல்வதே கதை. கப்பலின் தலைவர் கிர்க். அவருக்கு இருபுறமும் இரு துணைவர்: ஒருவர், உணர்ச்சியை அடக்கித் தர்க்கமொன்றையே துணையாகக் கொள்ளும் வல்கன் இனத்தைச் சார்ந்த ஸ்பாக்; மற்றவர், உணர்ச்சியே உருவெடுத்தாற்போன்ற வைத்தியர் மெக்காய். ரஷ்யரும் ஜப்பானிய மரபினரும் கறுப்பின மாதரும் அக்கப்பலில் சமமாக வீற்றிருந்தனர். பனிப்போர்க் காலத்தில், இனவெறி தணியாத நாட்டில், இஃது எளிய செயலன்று. எனினும் தொடரைப் பார்த்தோர் தொகை போதவில்லை. இரண்டாம் ஆண்டோடு அது நின்றுவிடுமென்ற செய்தி பரவவே, அபிமானிகள் கடிதங்களை மலைபோற் குவித்து மூன்றாம் ஆண்டிற்கு உயிர்ப்பிச்சை பெற்றனர். 79 கதைகளுடன் 1969-இல் அது முடிவுற்றது. முடிவுற்ற பின்னரே, மறுஒளிபரப்பில், அதன் புகழ் நாடெங்கும் பரவிற்று. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' பெற்ற பெருவெற்றியைக் கண்ட பாரமவுண்ட் கம்பெனியார், புதியதொரு டெலிவிஷன் தொடருக்காகச் செய்திருந்த ஏற்பாட்டைச் சினிமாப்படமாக மாற்றினர். அதுவே 1979-இல் ராபர்ட் வைஸ் இயக்கிய முதற்படம்.

இப்படங்களை வரிசைப்படுத்த அபிமானிகளிடையே ஒரு வாய்பாடு வழங்குகின்றது. இரட்டைப்படை எண் பெற்றவை நல்லன. ஒற்றைப்படை எண் பெற்றவை அல்லன என்பதே அது. 2, 4, 6, 8 ஆகியவற்றை நோக்க, இது மெய்போலவே தோன்றும். ஆயின் 2002-இல் வெளிவந்த பத்தாம் படமாகிய 'நெமஸிஸ்' பெருந்தோல்வியுற்றது. 2009-இல் வெளிவந்த பதினோராம் படமோ புதியோர் பலரைத் திரையரங்கிற்கு ஈர்த்தது. அத்துடன் வாய்பாடு முறிந்தது. முறிந்ததை ஒட்டவைக்க அபிமானிகள் கண்ட உபாயம் நகைக்கத்தக்கது. 'ஸ்டார் டிரெக்'கையும் அதன் அபிமானிகளையும் அன்போடு கேலி செய்து 1999-இல் வெளிவந்த 'காலக்ஸி குவெஸ்ட்' என்னும் வேறொரு படத்தை இடையில் நுழைத்துப் பத்தாவதாக எண்ணினால், நெமஸிஸ் பதினொன்றாகும், அடுத்தது பன்னிரண்டாகும், கணக்கு நேராகிவிடும்! 2013-இல் லாஸ் வேகாஸ் நகரிற் கூடிய அபிமானிகள் எல்லாப் படங்களையும் வரிசைப்படுத்திய பொழுது, இக்கேலிப்படத்தையும் சேர்த்து அதற்கு ஏழாம் இடம் அளித்தனர். 'ஸ்பேஸ்ட்' என்னும் ஆங்கில டெலிவிஷன் நாடகத்தில் ஒற்றைப்படை எண்களை வசைபாடும் பாத்திரமாக நடித்த ஸைமன் பெக் என்பார், பின்னர் ஒற்றைப்படையாகிய பதினோராம் படத்திலேயே கப்பலின் எஞ்சினியராக அமர்ந்தார். விதியின் விளையாட்டு என்பது இதுவே போலும்.

எம் கருத்தில் எண்ணுக்கு யாதொரு மகிமையும் இல்லை. 2, 4, 6 ஆகிய மூன்றையும் கூர்ந்து நோக்குமிடத்து ஒரு மனிதரின் கை புலனாகும். அவர் நிக்கலஸ் மேயர். இரண்டையும் ஆறையும் இயக்கியவர் அவர். நான்காம் படத்தின் கதையுரையில் நகரக் காட்சிகளை வரைந்தவரும் அவரே. நல்ல எழுத்தாளர் ஒருவர் ஒன்றுவிட்டு ஒன்றாக வந்து சென்றதை மக்கள் எண்ணின் மாயம் என்று மயங்கினர்.

நிற்க. அபிமானிகளின் பெரும்பான்மைத் தீர்ப்பு யாது? லாஸ் வேகாஸிலும் பிற இடங்களிலும் முதலிடம் பெறுவது, 1982-இல் வெளிவந்த இரண்டாம் படமாகிய 'கானின் சீற்றம்'. அதற்குத் தக்க காரணங்கள் உள. முதற்படத்திற்குச் செலவான பொருளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிலேயே இது எடுக்கப்பட்டது. தயாரிப்பாளர் ஹார்வ் பென்னெட் பழைய டெலிவிஷன் கதைகள் அனைத்தையும் அமர்ந்து பார்த்து, 1967-இல் வந்த ஒன்றில் கிர்க்கால் தனி உலகொன்றிற்கு அனுப்பப்பட்ட கான் என்னும் கொடுங்கோலனைத் தெரிந்தெடுத்தார். பழைய நடிகர் ரிக்கார்டோ மாண்டல்பானே மீண்டும் அவ்வேடம் பூண்டார். மேயர் பன்னிரண்டு நாட்களில் கதையுரையைச் செப்பனிட்டார்; அவ்வுழைப்பிற்குப் படத்தில் அவர் பெயர் இடம்பெறவில்லை.

இதன் உயிர்நிலை பழிவாங்கும் கதையன்று என்பதை நாம் வற்புறுத்திக் கூற விரும்புகின்றோம். உயிர்நிலை முதுமை. கிர்க்கின் பிறந்தநாளில் படம் தொடங்குகின்றது. ஸ்பாக் அவருக்கு டிக்கன்ஸ் எழுதிய 'இரு நகரக் கதை'யை அளிக்கிறார். வைத்தியர் மூக்குக் கண்ணாடி அளிக்கிறார். விண்ணை ஆண்ட வீரருக்கு அருகிலுள்ள எழுத்து தெரியவில்லை! படத் தொடக்கத்தில், கப்பற்படை மாணவர்க்கு வைக்கப்படும் வெல்ல முடியாத சோதனை ஒன்று காட்டப்படுகின்றது. தோல்வியை ஒருவர் எங்ஙனம் ஏற்கிறார் என்று அறிவதே அதன் நோக்கம். கிர்க் இளமையில் கணிப்பொறியை மாற்றியமைத்து அதில் வென்றவர். ஆகவே தோல்வியை ஒருநாளும் ஏற்று அறியாதவர். இறுதியில், கப்பலைக் காக்கும்பொருட்டு ஸ்பாக் கதிரியக்க அறையினுட் புகுந்து, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உயிர் துறக்கின்றார். ஏமாற்றித் தப்பவொண்ணாத சோதனை அன்றுதான் கிர்க்கிற்கு வாய்க்கின்றது. கானும் கிர்க்கும் படம் முழுவதிலும் ஒருமுறையேனும் நேரிற் சந்திப்பதில்லை. திரையில் முகம் கண்டு பேசுவதோடு சரி. பகைவன் இக்கதைக்கு ஒரு நெம்புகோல் மாத்திரமே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? அவன் தங்கியிருந்த இடத்து அலமாரியில் மில்டனின் 'இழந்த சுவர்க்கம்', ஷேக்ஸ்பியரின் 'லியர்', மெல்வில்லின் 'மோபி டிக்' ஆகிய நூல்கள் காணப்படும். ஆங்கில இலக்கியம் பயிலும் நம் மாணவர் அவ்வலமாரியை ஒருகணம் நோக்கினால் அவன் முடிவை முன்னரே அறிந்துகொள்வர்.

இத்தகைய படத்திற்கு முதலிடம் கொடுத்தலில் தவறில்லை. தவறு பின்னர் நேர்ந்தது. முதலிடம் பெற்றதைக் கண்ட தயாரிப்பாளர், அதன் உயிரை விடுத்து உடையை எடுத்துக்கொண்டனர். பத்தாம் படத்தைக் காண்க: கப்பல் தலைவர் பிகார்டின் உருவொத்த ஒருவன் வன்மம் கொண்டு வருகின்றான், உயிர்க்குலத்தை அழிக்கும் கருவியொன்று அவன்பால் உளது, அதனை அழிக்க, தலைவரின் அருமைத் துணைவனாகிய யந்திர மனிதன் டேட்டா தன்னையே பலி கொடுக்கின்றான், அவனது நினைவின் பிரதி வேறொருவனிடம் எஞ்சி நிற்கின்றது. இரண்டாம் படத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கின்றதன்றோ? பதினோராம் படத்தில், தன் உலகம் அழிந்ததற்கு ஸ்பாக்கைப் பழிவாங்க வரும் நீரோ. பன்னிரண்டில் கானே மீண்டும். பதின்மூன்றில், தன்னைக் கைவிட்டது என்று கூட்டமைப்பின்மீது வன்மங்கொண்ட பழைய கப்பல் தலைவன் ஒருவன். இங்ஙனம் நான்கு படங்கள் தொடர்ந்து ஒரே பாதையில் ஓடின.

இவற்றுள் 2013-இல் வந்த பன்னிரண்டாம் படம் தனித்துக் கூறத்தக்கது. புதிய பகைவன் யாவன் என்பதைப் படமெடுத்தோர் வெளியீடு வரை மறைத்து வைத்தனர். அவன் கானே என்று திரையிற் கேட்டவுடன் அரங்கம் அதிருமென்பது அவர்தம் எண்ணம். முடிவில், பழைய மரணக் காட்சியையே இடம் மாற்றி, கண்ணாடிக்கு உட்புறம் கிர்க்கையும் வெளிப்புறம் ஸ்பாக்கையும் வைத்தனர். ஆயின் முந்திய கிர்க்கும் ஸ்பாக்கும் பல்லாண்டு பழகிய கிழநண்பர். இவர்களோ நேற்றுச் சந்தித்த இளைஞர். மேலும், சில நிமிடங்களுக்குள்ளாகவே கானின் குருதியைக் கொண்டு கிர்க் உயிர்பெற்று எழுகின்றார். தோல்வியை ஏற்கக் கற்பித்த காட்சி, தோல்வியே இல்லாத காட்சியாயிற்று. லாஸ் வேகாஸில் கூடியோர் இரண்டாம் படத்தை முதலில் வைத்து, அதனைப் பார்த்து எழுதிய இப்படத்தைக் கடைசியில் வைத்தனர். தாம் கேட்டதாக எண்ணித் தந்த பொருளை அவர்கள் ஏற்கவில்லை. இதில் அபிமானிகளைக் குறை கூறுவதா, தயாரிப்பாளரைக் குறை கூறுவதா? பட்டியலில் 'இது சிறந்தது' என்ற தீர்ப்பு மாத்திரம் எஞ்சுகின்றது. 'இன்ன காரணத்தால்' என்பது உதிர்ந்துவிடுகின்றது. பட்டியலை நோக்கிப் படமெடுப்போர் காரணத்தை எங்கே தேடுவர்?

பதினோராம் படத்தைப் பற்றி ஒரு சொல். இளம் நடிகர்களின் துடிப்பும், முதுமையுற்ற லெனர்ட் நிமாய் மீண்டும் ஸ்பாக்காகத் தோன்றிய அழகும் அதனைக் காத்தன. நீரோ என்ற பகைவனை நீக்கிவிட்டு அப்படத்தை நினைத்துப் பாருங்கள், இழப்பு அதிகமிராது.

இனிப் பெரும்பாலோர் ஒதுக்கும் முதற்படத்திற்காகச் சிறிது வழக்குரைப்போம். அது மெதுவாகச் செல்வது உண்மை. 132 நிமிடம் ஓடும் அப்படத்தில், கிர்க் தம் கப்பலைச் சுற்றிச் சென்று பார்க்கும் காட்சியே பல நிமிடங்களை விழுங்குகின்றது. அதற்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் அமைத்த இசையில் மயங்கினோர்க்கு அது நீளமாகத் தோன்றாது, ஏனையோர்க்குக் கொட்டாவி வரும். கதையோ மிக உயர்ந்தது. பூமியை நோக்கி ஒரு பெருமேகம் வருகின்றது. அதன் நடுவே அளவிறந்த அறிவுடைய யந்திரம். அதன் உள்ளுக்குள்ளே இருப்பது, மனிதர் முன்னர் ஏவி இழந்துவிட்ட 'வாயேஜர் 6' என்னும் சிறு விண்கலம். (மெய்யாக 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்கள் இரண்டே.) உலகின் பொருள்களனைத்தையும் அறிந்து முடித்த அது, தன்னைப் படைத்தவர் யார் என்று கேட்டுக்கொண்டு திரும்பி வருகின்றது. அதனைச் சுட்டு வீழ்த்துவதால் கதை முடிவதில்லை. அதன் கேள்வியைப் புரிந்துகொள்வதால் முடிகின்றது. குறித்த நாளில் வெளியிடவேண்டிய அவசரத்தால் வைஸ் அதனைத் தம் மனம்போல் முடிக்க இயலவில்லை. 2001-இல் அவரே மேற்பார்த்துத் திருத்திய வடிவமும், 2022-இல் அதனைப் புதுப்பித்து வெளியிட்ட வடிவமும் வந்தபின், இப்படத்தின்பால் பலர் கருத்து மாறியுளது. தீர்ப்பு ஒருகால் எழுதப்பட்டால் மாறாது என்பது இல்லை.

நான்காம் படம் 'தாயகப் பிரயாணம்' 1986-இல் வந்தது. இதனை இயக்கியவர் நிமாய். இதில் பகைவனே இல்லை. எங்கிருந்தோ வந்த கலமொன்று கடலை நோக்கி ஓர் ஒலியை எழுப்புகின்றது. அவ்வொலி கூனல் திமிங்கிலங்களின் பாட்டு. அக்காலத்து உலகில் அவ்வினம் அற்றுவிட்டது, விடைகூற யாருமில்லை, விடையின்மையால் பூமியே அழியும் தறுவாயில் உளது. கிர்க்கும் தோழரும் காலத்திற் பின்னோக்கிச் சென்று, 1986-ஆம் ஆண்டுச் சான்பிரான்சிஸ்கோவில் இறங்கி, இரண்டு திமிங்கிலங்களைத் தேடி அலைகின்றனர். கையிற் காசின்றிப் பஸ்ஸில் ஏறி இறக்கப்படுவதும், பனிப்போர் நாளில் ரஷ்ய மொழிச் சாயலோடு ஒருவர் அணுசக்திக் கப்பல்கள் எங்கே என்று தெருவில் வழி கேட்டு நிற்பதும் எவரையும் நகைப்பிக்கும். திமிங்கில வேட்டையைச் சர்வதேசச் சங்கம் நிறுத்திவைக்க 1982-இல் தீர்மானித்து, அத்தீர்மானம் நடைமுறைக்கு வந்த காலமும் அதுவே. அமெரிக்காவில் மாத்திரம் சுமார் 11 கோடி டாலர் ஈட்டி, முதலாறு படங்களுள் மிகுந்த வருவாய் பெற்றது இதுவே என்பதைத் தயாரிப்பாளர் எளிதில் மறந்தனர். பழிவாங்கும் பகைவனைப் பன்முறை திரும்ப அழைத்தோர், பகைவனில்லாத இக்கதையின் வழியை மீண்டும் மேற்கொள்ளவேயில்லை.

மூன்றாம் படம் நான்கிற்கு ஏணி. ஐந்து, விண்ணின் நடுவே தெய்வத்தைத் தேடிச் சென்று, தெய்வத்திற்குக் கப்பல் எதற்கு என்ற ஒரு நல்ல கேள்வியோடு திரும்பிற்று. ஏழும் ஒன்பதும் டெலிவிஷனுக்கே போதுமானவை. எட்டாம் படமாகிய 'முதற் சந்திப்பு' (1996) வேறு வகையானது. அதிலும் பழிவாங்கும் வெறி உண்டு. ஆயின் அது பகைவனிடம் அன்று, தலைவர் பிகார்டினிடமே எழுகின்றது. மோபி டிக் கதையைச் சுட்டி, ஒரு பெண் அவரை இடித்துரைக்க, அவர் தம் வெறியைத் தாமே கண்டு நாணுகின்றார். 1987-இல் தொடங்கிய இரண்டாம் தொடரோடு வளர்ந்தோர் இதற்கே முதலிடம் தருவர். அதனை நாம் மறுக்க விரும்பவில்லை.

எம் வாக்கு, 1991 டிசம்பரில் வெளிவந்த ஆறாம் படத்திற்கே. கிளிங்கான் இனத்தார் கிர்க்கின் தீராப் பகைவர். அவருடைய மகனை மூன்றாம் படத்திற் கொன்றவரும் அவரே. அவர்தம் சந்திரன் வெடித்துச் சிதறி, அவர்கள் நாடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பிழைக்காது என்ற நிலை தோன்ற, சமாதானம் பேச வருகின்றனர். செர்னோபில் விபத்தும், 1989-இல் பெர்லின் சுவர் வீழ்ந்ததும் இக்கதையின் பின்னணி. விண்ணிலும் அச்சுவர் வீழ்ந்தால் என்னாகும் என்று நிமாய் எண்ணியதே அதன் வித்து. படம் வெளிவந்த மாதத்திலேயே சோவியத் யூனியன் கலைந்தது. அப்பகைவரை வரவேற்கக் கட்டளையிடப்படுபவர் கிர்க். மகனைக் கொன்றோரைத் தாம் என்றும் மன்னிக்கவியலாது என்று அவர் தம் நாட்குறிப்பிற் பேசி வைக்கின்றார். பின்னர் நீதிமன்றத்தில் அவ்வாசகமே அவருக்கு எதிரான சான்றாக ஒலிக்கின்றது. அமைதியை அழிக்கச் சூழ்ச்சி செய்வோர் இருதரப்பிலும் உளர். அவர்கள் ஒருவரோடொருவர் கூடி உழைக்கின்றனர். பகைமையைக் காப்பதற்காகப் பகைவர் நண்பராகும் விந்தை அங்கே காணலாம்.

இப்படத்திற் குறைகள் இல்லாமலில்லை. துப்பறியும் பகுதி எளிதில் விளங்கிவிடும். ஸ்பாக் தம் மாணவியின் மனத்தினுள் வலிந்து புகுந்து உண்மையைப் பிடுங்கும் காட்சி பார்க்கப் பொறாதது. அதனைப் பிறர் எவரும் தடுக்காததோ அதனினும் பொறாதது. நம் கதாநாயகர் வாயில் இனவெறுப்பு வருவதை ராடன்பெரி விரும்பவில்லை. படம் வெளிவருமுன்னரே, 1991 அக்டோபரில், அவர் காலமானார். உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் அம்மையார் தமக்குத் தரப்பட்ட வசனமொன்றைப் பேச மறுத்தார். அவர்தம் தடைகளை நாம் மதிக்கின்றோம். ஆயினும் வெறுப்பற்றோர் சமாதானம் செய்வதில் என்ன கதை உளது? இரண்டாம் படத்தில் கிர்க் எதிர்ப்பது பிறன் ஒருவனின் வெறுப்பை. இங்கே தமது வெறுப்பை. இவ்வொன்றினாலேயே ஆறினை இரண்டின்மேல் வைக்கின்றோம்.

இரண்டின் கட்சியார் இதற்கொரு விடை வைத்திருப்பர். 'கண்டறியாத நாடு' என்ற ஆறாம் படத்தின் பெயர் ஹாம்லெட் நாடகத்தினின்று எடுத்தது. ஹாம்லெட் அத்தொடராற் குறித்தது மரணத்தை. மேயர் அப்பெயரை முதன்முதல் சூட்ட விரும்பியது, ஸ்பாக் இறக்கும் இரண்டாம் படத்திற்குத்தான். கம்பெனியார் அதனை ஏற்காது, கானின் பெயரை முன்னிறுத்தினர். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் அப்பெயரை மீட்டெடுத்து, விருந்தொன்றில் கிளிங்கான் தலைவர் கோர்கனின் வாயில் வைத்தார். அவர் கிண்ணத்தை உயர்த்தி, கண்டறியாத நாடு என்பது எதிர்காலம் என்கின்றார். மேசையின் மறுபுறத்திருந்த ஸ்பாக், அஃது ஹாம்லெட்டில் எந்த அங்கம், எந்தக் களம் என்று மாத்திரம் சொல்கின்றார்.